சுற்றி நிற்பவர்கள்

எங்கள் பகுதி வழக்கப்படி வீடு மகளுக்குரியது. ஆகவே, கல்முனையில் ஒரு காலத்தில் என் பெயரால் அறியப்பட்ட வீட்டிலே இப்பொழுது நான் என் மகளின் விருந்தாளியாக வாழ்ந்து வருகிறேன். விருந்தாளிக்கென ஒதுக்கப்பட்ட சாய்மனைக் கதிரைக்கு நேர் எதிரே தொலைக்காட்சிப் பெட்டி இருப்பதால், என் பேரன் ஆடுகின்ற வீடியோ விளையாட்டுகள் அனைத்துக்கும், விரும்பினும் விரும்பாவிடினும், நான் பார்வையாளன். கட்டாரில் தொழில் பார்க்கும் மருமகன் கொண்டுவந்து கொடுத்த நிண்டெண்டோ கருவியில் சென்ற பெருநாள் விடுமுறை முழுவதும் ஒரே ஆட்டந்தான் நடந்தது. அதன் பெயர் சூப்பர் ஸ்மாஷ் ப்ரோஸ். வெவ்வேறு ஆட்டங்களிலே பிறந்து வளர்ந்த கதாநாயகர்களை ஒரே களத்திலே கொண்டுவந்து நிறுத்தி மோத விடுவது இதன் உத்தி. கர்ணனையும் அமீர் ஹம்சாவையும் ஒரே கூத்திலே சந்திக்க வைப்பது போன்றதோர் ஏற்பாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1999ஆம் ஆண்டிலே ஜப்பானியரான மசாஹிரோ சகுராய் இதனை ஆரம்பித்தார். 2018இல் வெளிவந்த பாகத்தைத்தான் என் பேரன் ஆடுகிறான்.

அதிலே மோதுவதற்கான களங்கள் நூற்றுக்கு மேல் உண்டு. காடு, கோட்டை, ஆகாயக் கப்பல் என்று பலவிதம். அவற்றுள் ஒன்று கொலிசியம். ரோமாபுரியின் மற்களத்தை நினைவூட்டும் வட்டச் சுவர், சுவரின்மேல் அடுக்கடுக்காக ஆசனங்கள், ஆசனங்களிலே ஜனத்திரள். நடுவிலே சமதரை. அத்தரையிலிருந்து திடீரெனச் சில மேடைகள் எழும்பி வரும். பிறகு இறங்கி மறையும். இந்தக் களம் 2014ஆம் ஆண்டுப் பாகத்திலேயே சேர்க்கப்பட்டு விட்டதாம்.

முதல் நாள் பார்த்தபொழுது, ஒருவன் அடிபட்டுத் திரைக்கு வெளியே பறந்து போனான். "மௌத்தாப் போனானா மனே?" என்று கேட்டேன்.

"மௌத்தாகல்ல மூத்தப்பா. வெளிய போயிட்டான். திரும்பி வருவான்" என்றான் பேரன்.

அவ்வாறே வந்தான். இந்த ஆட்டத்திலே உயிரை அளக்கும் கோல் கிடையாது. அடி விழ விழ ஒரு சதவீதக் கணக்கு ஏறும். கணக்கு ஏற ஏற, அடிபட்டவன் இலகுவாய்த் தூரப் பறப்பான். களத்தின் எல்லைக்கு வெளியே தள்ளுவதே வெற்றி. 1999ஆம் ஆண்டின் முதற் பாகத் தொடக்கத்திலே ஒரு பெரிய கை பொம்மைகளை எடுத்து மேசைமேல் வைக்குமாம். பின்னர் அப்பொம்மைகளே உயிர்பெற்று மோதும். பிள்ளையின் விளையாட்டுப் பெட்டிக்குள் நிகழும் யுத்தம் இது என்பதைச் செய்தவர்களே அப்பொழுதே சொல்லி விட்டார்கள்.

இவ்வகை ஆட்டங்களைப் பற்றி எங்கள் ஆசிரியர் கூட்டங்களிலும் பள்ளிவாசல் முன்றலிலும் எழுவது ஒரே குரல்: இவை பிள்ளைகளுக்கு அடிதடியைக் கற்பிக்கின்றன என்பது. அந்தக் குரலோடு என்னால் முழுவதும் ஒத்துப்பாட இயலவில்லை. நாம் ஆடிய சடுகுடுவிலே தொடப்பட்டவன் செத்தவன். எதிர்ப்பக்கத்தில் ஒருவனைத் தொட்டு வந்தால் செத்தவன் எழும்புவான். ஒரு மாலைக்குள் பத்துத் தடவை செத்து எழும்பிய நாங்கள் யாரும் கொலைகாரராகவில்லை. பொம்மையைப் பொம்மை தள்ளுவதைக் கண்டு நான் கலங்கவில்லை. என்னைத் தொந்தரவு செய்தது வேறொரு சங்கதி: அந்த ஆசனங்களிலே இருக்கும் ஜனங்கள்.

அவர்கள் ஆரவாரிக்கிறார்கள். நன்றாக ஆடுபவனின் பெயரைச் சொல்லிக் கோஷமிடுகிறார்கள். கோஷம் ஒலிப்பதிவு, ஜனங்கள் சித்திரம். வெற்றி எவன் பக்கம் சாய்கிறதோ அவன் பக்கம் அந்தக் குரலும் சாய்ந்து விடுகிறது. களத்தைச் செய்த கலைஞன் ஓர் உண்மையை நன்கு உணர்ந்திருக்கிறான். கல்லைக் கட்டி மண்ணைப் பரப்பினால் மாத்திரம் மற்களம் ஆகிவிடாது. சுற்றி நின்று கூவுவோர் வேண்டும். சித்திர ஜனங்களையாவது வைக்காவிட்டால் அந்த இடம் வெறும் முற்றந்தான்.

அரங்கு என்ற நம் சொல்லையே எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரம் அரங்கேற்று காதையிலே ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக மேடை வகுக்கிறார் இளங்கோ. கல்முனைக்கு அடுத்த காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் யாழ்நூலுக்கு ஆதாரமாய்க் கொண்டதும் அந்தக் காதையைத்தான். ஆடுபவளை உயர்த்திக் காட்ட எழுந்தது அந்த மேடை. ரோமரின் அரங்கோ பள்ளத்திலே கிடந்தது. பார்ப்பவர்கள் மேலே, போரிடுபவர்கள் கீழே. அரீனா என்று ஐரோப்பியர் வழங்கும் சொல்லுக்கு லத்தீனிலே மணல் என்பதே பொருள். இரத்தத்தை உறிஞ்சுவதற்காக அங்கே மணல் பரப்பப்பட்டது.

வெஸ்பாசியன் கட்டத் தொடங்கி, அவன் மகன் டைட்டஸ் கி.பி. 80இல் திறந்து வைத்த கொலிசியம் ஏறக்குறைய 50,000 பேரைக் கொண்டது. திறப்பு விழா 100 நாள் நடந்தது. முன் வரிசையில் செனட்டர்கள்; எல்லோருக்கும் மேலே, உச்சியில், பெண்களும் அடிமைகளும். மணற்றரைக்கு அடியிலே சுரங்க அறைகளும், மிருகங்களைத் தூக்கி மேலே விடும் பாரந்தூக்கிகளும் இருந்தன. பேரனின் களத்திலே தரையிலிருந்து மேடை எழும்புவதைக் கண்டபொழுது எனக்கு அந்தப் பாரந்தூக்கிகளே நினைவுக்கு வந்தன.

ரோமரின் மற்போர் எல்லாம் சாவில் முடிந்ததென்று பலரும் எண்ணுகிறார்கள். அது சரியன்று. கிளாடியேட்டர் எனப்பட்ட அவ்வீரனைப் பழக்கி உணவூட்டி வளர்க்கப் பெருஞ் செலவாகும்; ஆதலால் தோற்றவனுக்கு உயிர்ப்பிச்சை கிடைப்பதும் உண்டு. கொடுப்பதும் மறுப்பதும் விழாவை நடத்துபவன் கையில். ஆனால் அவன் தன் மனச்சாட்சியைக் கேட்டுத் தீர்மானிப்பதில்லை. கூட்டத்தின் கூச்சலைக் கேட்டே தீர்மானிப்பான். மிலான் நகரிலே ஊர்பிக்கஸ் என்னும் வீரனின் நடுகல் ஒன்று உண்டு. 13 முறை களம் புகுந்து, 22 வயதிலே மாண்டவன். ஏழு ஆண்டு கூடி வாழ்ந்த மனைவி லௌரிக்கியா கல்லை நாட்டியிருக்கிறாள். அவன் விட்டுச் சென்ற மகள் ஒலிம்பியாசுக்கு வயது ஐந்து மாதம். அந்தக் கல்லிலே, வென்றவன் தோற்றவனைக் கொன்றுவிட வேண்டும் என்றோர் எச்சரிக்கையும் பொறிக்கப்பட்டிருக்கிறது. உயிரோடு விட்டவனே பின்னர் அவனுக்குக் காலனானான் போலும். கொலிசியத்தின் எல்லாக் கற்களையும்விட இந்த ஒரு கல் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆரவாரித்தவர்களில் எவருக்கும் அந்த ஐந்து மாதக் குழந்தையைத் தெரிந்திருக்காது.

பார்ப்பவனுக்கு என்ன நேர்கிறது என்பதை அகுஸ்தீன் தம் ஒப்புதல்கள் என்னும் நூலின் ஆறாம் பாகத்திலே எழுதியிருக்கிறார். அவர் நண்பர் அலிப்பியஸ் சட்டம் பயில ரோமுக்குச் சென்றவர். மற்களத்தை அடியோடு வெறுத்தவர். தோழர்கள் பலவந்தமாக இழுத்துச் சென்று உட்கார்த்தினர். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனால் காதை மூடத் தவறிவிட்டார். எவனோ வீழ்ந்தான், கூட்டம் ஒரே குரலாய்க் கூவியது. என்னவென்று பார்க்கக் கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். அந்தக் கணமே அவரும் கூவுபவர்களில் ஒருவரானார், மீண்டும் வந்தார், பிறரையும் அழைத்து வந்தார். வாள் பட்டு வீழ்ந்தவனைவிடக் கண் திறந்தவருக்கே காயம் பெரிது என்பது அகுஸ்தீனின் கணிப்பு.

நான் இதைப் பேரனுக்குச் சொன்னேன். அவன் கதையிலே அக்கறை காட்டவில்லை. ஆயினும் பதிலுக்கு ஒரு கதை சொன்னான். இந்தக் கொலிசியம் ஸ்மாஷ் ஆட்டத்தின் சொந்தச் சரக்கன்று. ஃபயர் எம்ப்ளம் என்று 1990இல் தொடங்கிய வேறோர் ஆட்டத் தொடரிலிருந்து கடனாய் வந்தது. அந்தத் தொடரிலே ஆடுபவன் ஒரு படைக்குத் தலைவன். அவனுடைய வீரர்களுக்குத் தனித்தனிப் பெயரும் முகமும் குடும்பமும் உண்டு. பணம் போதாவிட்டால் ஒரு வீரனை மற்களத்துக்கு அனுப்பலாம், வென்றால் பொன். தோற்றாலோ, அந்த வீரன் செத்தவன்தான். ஆட்டம் முடியும்வரை திரும்பி வரமாட்டான். அப்படி ஒருவனை இழந்துவிட்டால், மணிக்கணக்காய் ஆடியதைக்கூடப் பொருட்படுத்தாமல் கருவியை அணைத்து மீண்டும் தொடக்கத்திலிருந்து ஆடுவோர் பலராம். 2010இல் வந்த பாகத்தோடுதான், வீழ்ந்தவர் அடுத்த கட்டத்திலே எழுந்து வரும் இலகு முறையும் சேர்க்கப்பட்டது.

இதைக் கேட்டு நான் வியப்படைந்தேன். ஒரு பொம்மை வீரன் சாகக்கூடாதென்பதற்காக ஒரு மாலைப்பொழுதின் உழைப்பைத் துறந்து கருவியை அணைக்கிற பிள்ளையிடத்திலே, 50,000 ரோமரிடத்திலே காணக் கிடைக்காத ஒன்று இருக்கிறது. அனுப்புபவன் தான்தான் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதே களம் ஸ்மாஷுக்குள் இடம்பெயர்ந்து வந்தபொழுது அனுப்பும் பாரம் கழன்று போயிற்று. கூவும் கூட்டம் மட்டும் எஞ்சிற்று.

நிற்க. நம் இலக்கியத்திலும் மற்போர் உண்டு. ஆமூர் மல்லனைப் போர்வைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றிலே பாடினார். மல்லனின் மார்பிலே ஒரு முழங்காலை ஊன்றி நின்ற அந்த நிலையை, கிள்ளியோடு பகைத்திருந்த அவன் தந்தை தித்தன் காணவேண்டும் என்பது புலவரின் ஏக்கம். மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, அவன் காணட்டும் என்கிறார். ஊரே திரண்டு நின்றிருக்க, புலவர் தேடியது ஒரே ஒரு பார்வையாளனை. நக்கண்ணையாரோ அதே கிள்ளிக்காகக் காலிற் சிலம்பு ஒலிக்க ஓடித் தம் வீட்டுப் பனையடியிலே சாய்ந்து நின்று பார்த்தார். வென்றான் என்று ஒரு சாராரும் வெல்லவில்லை என்று மற்றொரு சாராரும் சொல்ல, அவர் தம் கண்ணால் கண்டார். எவருக்காகப் பார்க்கிறோம் என்பது தெரிந்து பார்த்த பார்வைகள் இவை. மதீனாப் பள்ளியிலே பெருநாளன்று அபிசீனியர் ஈட்டியும் கேடயமுமாய் விளையாடியதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தோளுக்குப் பின்னால் நின்று, போதும் என்று தோன்றும்வரை ஆயிஷா நாயகி பார்த்திருந்த செய்தியையும் இந்த வரிசையிலே நான் வைப்பேன்.

எங்கள் கரையிலும் ஒரு மணல் அரங்கு இருந்தது. இன்றும் ஓரளவு இருக்கிறது. மருதமுனை முதல் அக்கரைப்பற்று வரை முஸ்லிம் ஊர்களில் சீனடியும் சிலம்படியும் வழங்கி வந்ததை இந்தப் பக்கத்து வாசகர்கள் அறிவார்கள். நான் சிறுவனாயிருந்த காலத்திலே கடற்கரைப் பள்ளிக் கொடியேற்ற நாட்களிலும் மாப்பிள்ளை ஊர்வலங்களிலும் கம்பு சுழலாமல் இராது. ஆடுவோர் முதலிற் சபைக்கும் வாத்தியாருக்கும் எதிராளிக்கும் சலாம் செய்வார்கள். அதன் பின்னரே அடி. அடி என்றாலும், தொட்டால் போதும். எலும்பை முறிப்பவனைத் தொழில் தெரியாதவன் என்று சொல்வார்கள். இங்கே மணல் வீழ்பவனுக்கு மெத்தை.

ஓர் இரவு நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு ஊர் இளைஞர்கள் ஆடினார்கள். சுற்றி நின்றவர்களிலே இரண்டு ஊரவர்களும் இருந்தார்கள். கம்பின் சத்தம் மாறியது. விளையாட்டின் சத்தம் வேறு, கோபத்தின் சத்தம் வேறு என்பது கம்படி கேட்டுப் பழகிய காதுக்குத் தெரியும். கூட்டம் உற்சாகமாய்க் கூவத் தொடங்கிற்று. நானும் கூவினேன். வாத்தியார் எழும்பினார், வயது எழுபதுக்கு மேலிருக்கும். தோளிற் கிடந்த சால்வையை எடுத்து இரண்டு கம்புகளுக்கும் நடுவே மணலிலே எறிந்தார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. இருவரும் அப்படியே நின்றார்கள். "சலாம் வைங்க" என்றார். வைத்தார்கள். எங்களுக்கெல்லாம் பெருத்த ஏமாற்றம். முணுமுணுத்துக்கொண்டே கலைந்தோம். அந்தக் கிழவர் எதைத் தடுத்தார் என்று எண்ணிப் பார்க்கும் வயது எங்களுக்கு அப்பொழுது இல்லை.

வயது வந்த பிற்பாடும் எனக்கு அந்த அறிவு வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. ஆசிரியத் தொழிலில் நான் பத்தாண்டு கடந்திருந்த சமயம், ஒரு பாடசாலையின் பின்முற்றத்திலே இரண்டு மாணவர்கள் அடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் வட்டமாய் நின்று கூவினர். சத்தங் கேட்டுச் சென்ற எனக்கு வழிவிட்டார்கள். நான் உடனே உள்ளே இறங்கவில்லை. அந்த இருவரில் ஒருவன் என் வகுப்பின் கெட்டிக்காரன், சாதுவானவன். மற்றவன் ஓராண்டாய் எனக்குத் தலைவலியாயிருந்தவன். சாதுவானவன் அன்று எப்படியோ மேலே இருந்தான். இன்னும் இரண்டு கொடுக்கட்டும் என்று என் நெஞ்சு சொல்லிற்று. பத்து மூச்சு விடும் நேரம் இருக்கும். அதற்கு மேல் இராது. அதற்குள் விழுந்த ஓர் அடி காதிலே பட்டது. பிறகு ஓடிப் பிடித்தேன், அதட்டினேன், இருவரையும் தண்டித்தேன். என்னை யாரும் தண்டிக்கவில்லை.

அவன் இப்பொழுது ஒரு கடை வைத்திருக்கிறான். என்னைக் கண்டால் எழும்பி நின்று, "வாங்க சேர்" என்று கதிரை போடுவான். நான் பேசத் தொடங்கியதும் தலையைச் சற்றே திருப்பி வலக் காதை என் பக்கம் கொடுப்பான். இடக் காது அன்றோடு போயிற்று. சண்டை பிடித்தால் நடப்பதுதான் என்று அவன் அதை மறந்திருக்கலாம். நான் வட்டத்தின் ஓரத்திலே நின்றதை அவன் பார்த்தானா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

ஆகையாற்றான், பேரனின் களத்தைச் சுற்றியிருக்கும் அந்தச் சித்திர ஜனங்களைக் கண்டு நான் இவ்வளவு தூரம் சிந்திக்க நேர்ந்தது. ஒரு நாள் அவனிடம் கேட்டேன்: "மனே, அங்க இருக்கிறவங்கள்ல ஒருத்தராவது கீழ இறங்கி வரமாட்டாங்களா?" அவன் சிரித்தான். "அவங்க படம், மூத்தப்பா."

படந்தான். ஆனால் தெருவிலே இரண்டு பேர் அடித்துக்கொண்டால், கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வட்டமாய் நிற்கிற நம் பிள்ளைகளும் ஏறக்குறையப் படமாகவே ஆகிவிட்டார்கள். விபத்திலே சிக்கியவனைத் தூக்குவதற்கு முன்னே அவனைப் படம்பிடிப்பவர்களை இந்தப் பிரதான வீதியிலேயே கண்டிருக்கிறேன். இதற்கு ஜப்பானில் உண்டான ஓர் ஆட்டத்தின்மேல் பழி போடுவது சோம்பேறித்தனம். அந்த ஆட்டம் வருமுன்னரே நான் அந்தப் பின்முற்றத்தில் நின்றேன். நம் இலக்கிய அரங்குகளிலுந்தான் என்ன வாழ்கிறது? 1960களில் இந்நாட்டிலே நடந்த மரபுப் போராட்டம் முதல் நேற்றைய பட்டிமன்றம் வரை, கருத்தை நிறுத்துச் சொன்னவனுக்கு விழுந்த கைதட்டலைவிட எதிராளியின் பல்லை உடைத்தவனுக்கு விழுந்த கைதட்டலே பலமானது. கைதட்டியவர்களில் ஆசிரியர்கள் அநேகர்.

ஆசிரியப் பெருமக்களிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. கருவியைப் பறித்து அலுமாரியில் பூட்டுவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அதற்குப் பதிலாக, இல்ல விளையாட்டுப் போட்டிகளிலே சிலம்படிக்கும் ஓர் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கம்பு பிடிக்கத் தெரிந்த முதியவர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து நடுவிலே நிறுத்துங்கள். பிள்ளைகள் அடியையும் தடையையும் பயில்வது நல்லதே. அதனோடு, சால்வை விழுந்ததும் கம்பு நிற்பதை, வட்டமாய் நிற்கும் நானூறு பிள்ளைகள் தம் கண்ணால் ஒரு முறை காணட்டும்.

விடுமுறை முடிவதற்கு முதல் நாள் பேரன் எனக்கும் ஒரு விசைப்பலகையைத் தந்து ஆடச் சொன்னான். களம் கொலிசியம். என் வீரன் எவராலும் அடிபடாமலே தானாக நடந்து களத்துக்கு வெளியே போய்விட்டான். ஓரத்திலே சுவர் கிடையாது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. கூட்டம் ஆரவாரித்தது. அந்தச் சத்தத்தை மாத்திரம் நிறுத்தி ஆடலாமே என்றேன். மூத்தப்பாவின் சொல்லைத் தட்டாமல், தொலைக்காட்சியின் ஒலியை முழுவதுமாய்க் குறைத்தான். இரண்டு நிமிடம் அமைதியாய் ஆடினோம்.

"சத்தம் இல்லாட்டி விளையாட ஏலாது மூத்தப்பா" என்று சொல்லி மறுபடியும் கூட்டினான். நான் தடுக்கவில்லை. கதிரையை அவன் பக்கமாய் இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருந்தேன்.